டி-குழல் உருவாக்கம்: சவ்வை வளைக்கும் புரதங்களா, வெட்டாமல் தடுக்கும் புரதங்களா?

குழல்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எலும்புத்தசைச் செல்கள் வளரும்போது டி-குழல்கள், அதாவது மேற்சவ்வு உள்நோக்கிக் குழிந்து மின்குறிப்பை உள்ளே கொண்டுசெல்லும் மெல்லிய குழல்கள், எவ்வாறு தோன்றுகின்றன என்பதைச் சில மாதங்களாகப் பயின்று வருகிறேன். சுண்டெலியின் சி2சி12 மயோபிளாஸ்ட்டுகளை (தசையாக மாறவல்ல முன்னோடிச் செல்களை) நெருக்கமாக வளரவிட்டு, 2% குதிரை சீரம் கொண்ட ஊடகத்துக்கு மாற்றி, அவை ஒன்றோடொன்று இணைந்து நீண்ட மயோட்டியூப்களாக ஆன ஐந்தாம் நாளில் வேதிக் கரைசலால் நிலைப்படுத்தி, டி-குழல்களில் காணப்படும் பிஐஎன்1 புரதத்துக்கான எதிர்ப்பொருளைக் கொண்டு ஒளிரச் செய்து பார்த்தேன். பாடநூல் படங்களில் ஏணிப்படிகளைப் போல அடுக்கடுக்காகத் தெரியும் குறுக்குக் கோடுகளை எதிர்பார்த்திருந்தேன். அவை ஓரிடத்திலும் இல்லை. செல்லின் அடிப்பரப்பில் நூற்றுக்கணக்கான பிரகாசமான புள்ளிகள் மட்டுமே இருந்தன. குவியத்தை மிகமெல்ல நகர்த்தியபோது அவற்றுள் சில, நடுவில் இருண்டும் விளிம்பில் ஒளிர்ந்தும் சிறு வளையங்களாகத் தெரிந்தன. இரண்டு மூன்று வளையங்களிலிருந்து, செல்லின் நீளவாக்கில், நூல்பிரி போன்ற மெல்லிய இழை ஒன்று கிளம்பியிருந்தது.

எதிர்ப்பொருள் திரண்டு படிந்திருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இவை பிழையா, அல்லது குழல் தோன்றும் தொடக்க நிலையா? பிஐஎன்1 சவ்வை வளைத்துக் குழலாக்குகிறதா, அல்லது ஏற்கெனவே வளைந்துவிட்ட சவ்வில் வந்து அமர்கிறதா என்பதும் என் இரண்டாவது கேள்வி.

---

சவ்வு வாசகர் எழுதியது:

வணக்கம். படத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்திருப்பது மிகவும் மதிப்புள்ள ஒரு காட்சியாக இருக்கலாம்.

இக்குழல்களை உடல் ஏன் இவ்வளவு மெனக்கெட்டு உண்டாக்குகிறது என்பதிலிருந்து தொடங்கினால் மற்றவை விளங்கும். முதிர்ந்த தசையிழை ஒன்றின் குறுக்களவு பல பத்து மைக்ரோமீட்டர். மேற்பரப்பிலிருந்து ஏதோ ஒரு பொருள் உள்நோக்கிப் பரவித்தான் சுருக்கத்தைத் தூண்டுகிறது என்றால், அந்தப் பரவலின் வேகம் தசை உண்மையில் சுருங்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்று ஏ. வி. ஹில் 1948-இல் கணக்கிட்டுக் காட்டினார். பத்தாண்டுகள் கழித்து, 1958-இல், ஏ. எஃப். ஹக்ஸ்லியும் ஆர். இ. டெய்லரும் தவளையின் தனித்த தசையிழை மீது மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயின் வாயை வைத்து, அந்த இடத்தில் மட்டும் சவ்வின் மின்னழுத்தத்தைச் சிறிதளவு குறைத்தார்கள். குழாயின் வாய் எல்லா இடத்திலும் ஒரே விளைவைத் தரவில்லை. சார்கோமியர் எனப்படும் சுருங்கும் அலகுகளைப் பிரிக்கும் இசட் கோட்டுக்கு நேராகச் சில குறிப்பிட்ட புள்ளிகளில் வைத்தபோது மட்டுமே, அதன் இருபுறமும் இருந்த அரைச் சார்கோமியர்கள் உள்நோக்கிச் சுருங்கின. மின்குறிப்பை உள்ளே கொண்டுசெல்லும் கட்டமைப்பு ஒன்று சீரான இடைவெளிகளில் இருக்கிறது என்பதற்கு அதைவிட அழகான சான்றை நான் அறியேன். அந்தக் கட்டமைப்பின் உருவத்தை எமிலியோ வெராட்டி 1902-லேயே வெள்ளிச் சாயமேற்றி வரைந்து வைத்திருந்தார். அரை நூற்றாண்டுக்கு அதைப் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இனி உங்கள் முதல் கேள்வி. டி-குழல்கள் பிறக்கும்போதே குறுக்காகப் பிறப்பதில்லை. சுண்டெலியில் கருப்பருவத்தின் பிற்பகுதியில் அவை தோன்றத் தொடங்கும்போது பெரும்பாலும் இழையின் நீளவாக்கிலேயே ஓடுகின்றன. பிறந்து ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆகும்போதுதான், சார்கோமியர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு என்ற கணக்கில், சார்கோமியரின் கருமையான ஏ பட்டையும் வெளிறிய ஐ பட்டையும் சந்திக்கும் இடத்தில் (தவளையில் போல இசட் கோட்டில் அன்று) குறுக்காக அமைகின்றன. தட்டில் வளர்த்த ஐந்து நாள் மயோட்டியூப் அந்த அட்டவணையில் மிக முந்திய ஓர் இடத்தில் நிற்கிறது. அதனிடம் ஏணிப்படிகளை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நீளவாக்கில் கிளம்பிய அந்த மெல்லிய இழைகளே அந்த வயதுக்குரியவை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையில் இரண்டும் உண்மை. எது எப்போது நிகழ்கிறது என்பது புரதத்தின் அடர்த்தியைப் பொறுத்தது. பிஐஎன்1 என்பது ஆம்ஃபிபைசின்-2 என்றும் அழைக்கப்படும் புரதம். அதன் முன்பாதியில் உள்ள பிஏஆர் பகுதி இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறை வடிவம் கொள்கிறது; பிறையின் உட்குழிவில் நேர்மின்னேற்றம் மிகுந்திருப்பதால், எதிர்மின்னேற்றம் கொண்ட சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகள் அதனோடு ஒட்டிக்கொள்கின்றன. முனையிலுள்ள சிறு சுருள் ஒன்று சவ்வின் உட்புற அடுக்கில் ஆப்பு போலச் செருகிக்கொள்கிறது. சில மூலக்கூறுகள் மட்டும் இருந்தால் அவை ஏற்கெனவே வளைந்த இடங்களைத் தேடி அமர்கின்றன. அடர்த்தி கூடக்கூட, அவை ஒன்றோடொன்று கோத்துச் சவ்வைச் சுற்றிச் சுருள் உறைபோல் அமைந்து, தட்டையான சவ்வையும் குழலாக இழுத்துவிடுகின்றன. 2002-இல் பியட்ரோ டி கமில்லியின் குழு, தசையோடு எந்தத் தொடர்பும் இல்லாத செல்களில் தசைக்குரிய பிஐஎன்1-ஐ மிகுதியாக உண்டாக்கியபோது, அச்செல்களின் மேற்சவ்வு உள்நோக்கிக் குழல்குழலாக வளர்ந்ததைக் காட்டியது.

---

நுண்ணோக்கி அறை எழுதியது:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். செய்முறை பற்றி நான் சேர்க்க வேண்டியவை சில உள்ளன.

வளையங்கள் மெய்யானவையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, வளர்ப்பு மயோட்டியூப்களின் மேற்பகுதியைப் பிய்த்தெடுத்துவிட்டு, தட்டில் ஒட்டியிருந்த அடிச்சவ்வின் உட்புறத்தை ஒளிர்வு நுண்ணோக்கியிலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் ஒரே இடத்தில் பார்த்தது. பிஐஎன்1 ஒளிர்ந்த வளையங்கள் ஒவ்வொன்றின் மீதும் கேவியோலாக்கள், அதாவது கேவியோலின்-3 புரதத்தால் ஆன சிறு குடுவை வடிவப் பள்ளங்கள், மாலையில் கோத்த மணிகள்போல் நெருங்கி நின்றன. குழல்கள் அந்த வளையங்களிலிருந்தே கிளம்பின. கேவியோலின்-3-இல் பிறழ்வு கொண்ட நோயாளிகளின் செல்களில் வளையங்கள் சரிவர அமையவில்லை. ஹருனோரி இஷிகாவா 1968-லேயே வளர்ப்புத் தசையில், கேவியோலாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுபோன்ற மணிக்குழல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு, டி-குழல்கள் இவ்வழியில்தான் உருவாகின்றன என்று முன்மொழிந்திருந்தார் என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் மூன்று எச்சரிக்கைகள். சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியின் பிரிதிறன் ஏறத்தாழ 200 முதல் 250 நானோமீட்டர். எலும்புத்தசையின் டி-குழலோ 20 முதல் 40 நானோமீட்டர் குறுக்களவே கொண்டது. ஆகவே நீங்கள் புள்ளி என்று எண்ணும் பலவும் சிறிய வளையங்களாகவே இருக்கலாம்; நீங்கள் ஓர் இழை என்று எண்ணுவது நெருங்கி ஓடும் மூன்று குழல்களாகவும் இருக்கலாம்.

அடுத்தது, நிலைப்படுத்தும் கரைசல். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பருவம் முழுவதும், டி-குழல்கள் அனைத்தும் உடைந்த மணிகளாகவே தெரிகின்றன என்று நம்பி, அதை ஒரு கண்டுபிடிப்பாகவே எழுதத் தொடங்கிவிட்டேன். பிறகு ஒருநாள், என் கரைசலின் சவ்வூடு அழுத்தம் செல் ஊடகத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டுபிடித்தேன். கரைசலைச் சரிசெய்த அன்றே மணிகள் மறைந்து தொடர்ச்சியான குழல்கள் தெரிந்தன. தசையிழையைக் கிளிசராலில் ஊறவைத்து, பின் சட்டென்று கிளிசராலை நீக்கினால் டி-குழல்கள் மேற்பரப்பிலிருந்து துண்டித்துக்கொள்ளும் என்பது 1960-களிலிருந்தே தெரிந்த செய்தி. அந்த அறிவு கையில் இருந்தும் என் கரைசலை நான் ஐயப்படவில்லை. அதுபோலவே, எதிர்ப்பொருள் உள்ளே புகச் சவ்வைத் துளைக்கும் ட்ரைட்டானை மிகுதியாகப் பயன்படுத்தினால் மெல்லிய சவ்வுகள் கரைந்துபோகும். அதற்குப் பதிலாக, மென்மையாகத் துளைக்கும் சப்போனினைக் குறைந்த அளவில் முயன்று பாருங்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றினும் முக்கியம். பிஐஎன்1 ஒளிரும் இழை ஒவ்வொன்றும் டி-குழல் ஆகிவிடாது. டி-குழலின் உட்புறம் செல்லின் வெளிப்புறம். அது வெளியுலகோடு திறந்திருக்க வேண்டும். உயிருள்ள செல்களின் ஊடகத்தில், சவ்வைக் கடக்க இயலாத ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, அது இழைக்குள் புகுகிறதா என்று பாருங்கள். புகாவிட்டால் அது துண்டிக்கப்பட்ட உட்சவ்வு; அதை டி-குழல் என்று எழுதக் கூடாது. ஒளிரும் புரதத்தோடு இணைத்த பிஐஎன்1-ஐச் செல்லில் அளவுக்கு மீறி உண்டாக்கிப் பார்ப்பவர்கள் இந்தச் சோதனையை அவசியம் செய்ய வேண்டும். ஏனெனில் அந்த நிலையில் எந்தச் செல்லும் குழல்களைக் காட்டும். அது புரதத்தின் ஆற்றலைச் சொல்லுமே தவிர தசையின் வளர்ச்சியைச் சொல்லாது.

---

குழல்தேடி எழுதியது:

மிக்க நன்றி. சாயச் சோதனைக்கு ஏற்பாடு செய்கிறேன்.

இதற்கிடையில் ஓர் ஐயம். பிஏஆர் பகுதி கொண்ட புரதங்கள் எல்லா வகைச் செல்களிலும் உண்டு. அங்கே அவை சவ்வை வளைத்தால் சிறு பை ஒன்று உண்டாகி, கழுத்துப் பகுதியில் அறுபட்டு உள்ளே போய்விடுகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த புரதம் தசையில் மட்டும் சவ்வை வளைத்து, அது அறுபடாமல் இழையின் வாழ்நாள் முழுவதும் குழலாகவே நிற்பது எப்படி?

---

சவ்வு வாசகர் எழுதியது:

இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்றே காத்திருந்தேன். டி-குழலை, முடிவடையாமல் நிறுத்திவைக்கப்பட்ட ஓர் உள்ளிழுப்பு என்று பார்ப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. வளைப்பதற்கான கருவிகள் எல்லாச் செல்லிலும் உள்ளவைதான். தசையின் தனித்தன்மை, வெட்டும் கத்தியை உறையிலேயே வைத்திருப்பதில் இருக்கிறது.

அந்தக் கத்தி டைனமின்-2. அது ஜிடிபி என்னும் மூலக்கூறைச் சிதைத்து ஆற்றல் பெறும் நொதி. பைகளின் கழுத்தைச் சுற்றிச் சுருளாகச் சேர்ந்து, இறுக்கி, அறுக்கிறது. பிஐஎன்1-இன் வால்முனையில் எஸ்எச்3 என்னும் பகுதி உண்டு. அது டைனமினைப் பற்றிக்கொள்கிறது. வெளிப்பார்வைக்கு, வளைக்கும் புரதமே வெட்டும் புரதத்தை அழைத்து வருவதுபோலத் தோன்றும். ஆனால் தசையில் பிஐஎன்1, டைனமின்-2-ஐ அருகில் வைத்துக்கொண்டே அதன் வெட்டும் செயலைக் கட்டுப்படுத்துகிறது என்பதைச் சோதனைகள் காட்டுகின்றன.

தசைக்கென்றே உள்ள இன்னொரு நுணுக்கமும் இதில் இருக்கிறது. பிஐஎன்1 மரபணுவின் 11-ஆம் எக்சான் (புரதத்துக்கான குறியீட்டுத் துண்டு), பழைய எண்ணிக்கையில் 10-ஆம் எக்சான், நேர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்களின் சிறு துண்டு ஒன்றைப் புரதத்தில் சேர்க்கிறது. இத்துண்டு எலும்புத்தசையில் உண்டாகும் பிஐஎன்1-இல் இடம்பெறுகிறது. மேற்சவ்வின் உட்புறத்தில் உள்ள பிஐபி2 என்னும் பாஸ்போஇனோசிடைடு வகைக் கொழுப்பை அது வலுவாகப் பற்றுகிறது. பற்றுவதோடு, சிதறிக் கிடக்கும் பிஐபி2 மூலக்கூறுகளை ஓரிடத்தில் திரட்டவும் செய்கிறது. ஒரே மரபணுவில் ஒரு சிறு துண்டைச் சேர்ப்பதா விடுவதா என்ற ஆர்என்ஏ வெட்டியொட்டல் முடிவு, சவ்வு குழலாகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. மயோட்டோனிக் டிஸ்ட்ரோஃபி என்னும் மரபுவழித் தசைநோயில் வெட்டியொட்டலைக் கட்டுப்படுத்தும் எம்பிஎன்எல்1 புரதம் நச்சு ஆர்என்ஏ-வில் சிக்கிக்கொள்வதால், இந்த 11-ஆம் எக்சான் விடுபட்டுப்போகிறது. அதனால் டி-குழல்கள் குலைகின்றன என்பதை 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சுண்டெலியின் தசையில் இந்த எக்சானை மட்டும் விடுபடச் செய்தபோதும் குழல்கள் சீர்குலைந்து தசை வலுவிழந்தது.

---

தசைநோய்ப் பிரிவு எழுதியது:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன். மேலே சொன்ன "உறையிலிருக்கும் கத்தி" என்ற கருத்துக்கு நோயாளிகளின் தசைத்திசுவிலிருந்து கிடைக்கும் சான்று மிக வலுவானது என்பதால் எழுதுகிறேன்.

சென்ட்ரோநியூக்ளியர் மயோபதி என்னும் நோய்க்குழுவில், தசையிழையின் ஓரத்தில் இருக்க வேண்டிய உட்கருக்கள் நடுவிலேயே நின்றுவிடுகின்றன. குறுக்குவெட்டைச் சாயமேற்றிப் பார்த்தால், இழை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கருநீலப் பொட்டு வைத்ததுபோலிருக்கும். முதன்முறை பார்ப்பவர் இது வளர்ச்சி முடியாத கருவின் தசையோ என்று எண்ணிவிடுவார். இந்நோய்க்குக் காரணமான மரபணுக்களின் வரிசையைப் பாருங்கள். 1996-இல் எம்டிஎம்1, 2005-இல் டைனமின்-2, 2007-இல் பிஐஎன்1. மூன்றும் சவ்வின் உருவத்தோடு தொடர்புடையவை. எம்டிஎம்1 உண்டாக்கும் மயோட்டியுபுலாரின், பாஸ்போஇனோசிடைடுகளின் மூன்றாம் இடத்துப் பாஸ்பேட்டை நீக்கும் நொதி. அது பிஐஎன்1-உடன் நேரடியாக இணைந்து, அதன் குழலாக்கும் திறனைக் கூட்டவும் செய்கிறது. எக்ஸ் குரோமோசோம் சார்ந்த இவ்வகை நோய் ஏறத்தாழ 50,000 ஆண் பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. பிறந்தவுடனேயே மூச்சுவிடத் திணறும் குழந்தைகள் அவர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது பிறழ்வுகளின் திசை. எம்டிஎம்1-உம் பிஐஎன்1-உம் செயலிழப்பதால் நோய் வருகிறது; டைனமின்-2-இலோ செயல் மிகுவதால் வருகிறது. அப்பிறழ்வுகள் டைனமின் சுருளை எளிதில் கலையாததாக ஆக்குகின்றன. சோதனை விலங்குகளின் தசையில் அவை டி-குழல்களைத் துண்டுதுண்டாக்குவதும் காட்டப்பட்டுள்ளது. அப்படியானால் கத்தியின் எண்ணிக்கையைக் குறைத்தால் என்ன ஆகும்? எம்டிஎம்1 இல்லாத சுண்டெலிகள் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடும். அவற்றின் டைனமின்-2 மரபணுவின் இரு படிகளில் ஒன்றை மட்டும் நீக்கியபோது, அவை நீண்டகாலம் உயிர்வாழ்ந்தன என்பதை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிறந்தவுடன் இறக்கும் பிஐஎன்1 அற்ற சுண்டெலிகளும் அதே வழியில் பிழைத்தன என்பது 2017-இல் தெரியவந்தது. பிஐஎன்1-ஐ மிகுவித்தாலும் எம்டிஎம்1 இல்லாத சுண்டெலிகள் மீள்கின்றன என்பது 2019-இல் வந்த செய்தி. இம்மூன்றையும் முதன்முதலில் அடுத்தடுத்துப் படித்தபோது, இத்தனை ஆண்டுகளாக நாங்கள் மூன்று தனித்தனி நோய்களாகக் கோப்புகளில் பிரித்து வைத்திருந்தது உண்மையில் ஒரே தராசின் சாய்வுகள்தாம் என்று உணர்ந்தேன்.

---

இழைநோக்கு எழுதியது:

உரையாடல் ஒரே திசையில் போவதால் மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். பிஐஎன்1-க்கும் டைனமினுக்கும் இவ்வளவு பெரிய இடம் தருவது சரியில்லை.

பழப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆம்ஃபிபைசின் மரபணு ஒன்றே ஒன்றுதான். அதை முற்றிலும் நீக்கிய பூச்சிகள் உயிரோடிருக்கின்றன, நடமாடுகின்றன. அவற்றால் பறக்க மட்டும் இயலவில்லை. பறக்கும் தசையின் டி-குழல்கள் ஒழுங்கிழந்து கிடந்தனவே தவிர, முற்றாக இல்லாமல் போகவில்லை. கேவியோலின்-3 இல்லாத சுண்டெலியின் கதையும் அதுவே: குழல்கள் உப்பி, நீளவாக்கில் திரும்பியிருந்தன, ஆனால் இருந்தன. அப்படியிருக்க, "இப்புரதம் குழலை உண்டாக்குகிறது" என்று ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடுவது எப்படித் தகும்?

மேலும், பிஐஎன்1-இன் எஸ்எச்3 பகுதி மட்டும் துண்டிக்கப்பட்ட நோயாளிகள் இருக்கிறார்கள். அந்தப் பிறழ்ந்த புரதம் செல்களில் சவ்வை நன்றாகவே குழலாக்குகிறது. டைனமினை அழைத்துவர மட்டும் அதனால் முடியவில்லை. டைனமின் வராததே குழலுக்கு நல்லது என்றால், அவர்களுக்கு நோய் வந்திருக்கக் கூடாது அல்லவா?

என் பார்வையில், குழலை வளைப்பது எளிய பகுதி. கடினமான பகுதி, அதை உரிய இடத்தில் கட்டிப்போடுவது. ஜங்டோஃபிலின் புரதத்தின் முன்பகுதியில் எட்டு மார்ன் மடிப்புகள் மேற்சவ்வைப் பற்றுகின்றன. அதன் வால்முனை கால்சியத்தைச் சேமிக்கும் சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தின் சவ்வைத் துளைத்து நிற்கிறது. இருசவ்வையும் ஏறத்தாழ 12 நானோமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தும் கொக்கி அது. ஜங்டோஃபிலின்-1 இல்லாமல் பிறந்த சுண்டெலிகள் பால் உறிஞ்சும் வலுவின்றிப் பிறந்த சிறிது நேரத்தில் இறந்தன; அவற்றின் தசையில் டி-குழலின் இருபுறமும் ரெட்டிகுலம் நிற்கும் மும்மை அமைப்பு மிகக் குறைவாகவே இருந்தது. கால்சியத்தை வெளிவிடும் ரையனோடின் ஏற்பியே இல்லாத சுண்டெலித் தசையில்கூட இருசவ்வும் அருகருகே வந்து நிற்கின்றன என்பதையும் பாருங்கள். முதலில் சவ்வுகள் நங்கூரமிடுகின்றன, ஏற்பிகள் பின்னால் வந்து சேர்கின்றன. ரெட்டிகுலத்தையோ, சிறிய ஆங்கிரின் என்னும் புரதம் அப்ஸ்கியூரினைப் பற்றி, சார்கோமியரோடு பிணைக்கிறது. நீளவாக்கில் அலைந்த குழல் குறுக்காகத் திரும்புவது இந்தப் பிணைப்புகளால்தான். உருவத்தைத் தீர்மானிப்பது வளைக்கும் புரதமா, பிணைக்கும் புரதமா என்று கேட்டால், நான் பிணைக்கும் புரதத்தின் பக்கமே நிற்பேன்.

---

சவ்வு வாசகர் எழுதியது:

உங்கள் மறுப்பின் பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். குழலின் திசையையும் இடத்தையும் பிஐஎன்1 தீர்மானிக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னதுபோல் தொனித்திருந்தால் திருத்திக்கொள்கிறேன். தட்டில் வளரும் மயோட்டியூப்களில் பிஐஎன்1 தாராளமாக இருந்தும் குழல்கள் குறுக்காகத் திரும்பாமல் இருப்பதே, திருப்புவது வேறொன்று என்பதற்குச் சான்று. பழப்பூச்சிச் சான்றும் எனக்கு எதிரானதன்று. வளைக்கும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன என்பதையே அது சொல்கிறது. ஒரு புரதம் போனால் கேவியோலாக்களும் கொழுப்புகளும் குறையை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன.

ஆனால் எஸ்எச்3 துண்டிப்பைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஓர் அடி விட்டுப்போயிற்று. பிஐஎன்1 டைனமினைப் பற்றிக்கொள்வது அதை அழைத்துவருவதற்கு மட்டுமல்ல, அடக்கிவைப்பதற்கும்தான் என்றால், எஸ்எச்3 போனவுடன் டைனமின் செல்லிலிருந்து மறைந்துவிடுவதில்லை. அடக்குவோர் இன்றித் திரிகிறது. டைனமின் பிஐபி2-வைத் தானாகவே பற்றக்கூடியது. ஆகவே பிஐஎன்1 அருகில் இல்லாத இடங்களிலும் அது சவ்வை அறுக்க முடியும். எம்டிஎம்1 இல்லாத தசையில் டைனமின்-2-இன் அளவு கூடியிருப்பதையும், அதைக் குறைத்தவுடன் தசை மீள்வதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். வெறுமனே வளைப்பதில் உள்ள குறை மட்டுமே நோய்க்குக் காரணமாக இருந்திருந்தால், வளைக்கும் புரதம் அறவே இல்லாத சுண்டெலி, வெட்டும் புரதத்தைக் குறைத்த ஒரே காரணத்தால் பிழைத்திருக்காது. பிஐஎன்1 அற்ற அந்தச் சுண்டெலியே என் வாதத்தின் அச்சாணி.

---

கரைசல் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மயோபிளாஸ்ட்டுகளை இணைக்கும் மயோமேக்கர், மயோமிக்ஸர் என்னும் புரதங்களும் இதே வளைவுக் கணக்கில் சேருமா?

---

சவ்வு வாசகர் எழுதியது:

சேரும், ஆனால் அது வேறொரு கட்டம். 2013-இல் கண்டறியப்பட்ட மயோமேக்கர், இரு செல்களின் சவ்வுகளும் வெளியடுக்கால் மட்டும் கலக்கும் நிலைக்குத் தேவை. 2017-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே கண்டறிந்து மயோமிக்ஸர், மயோமெர்ஜர், மினியன் என்று மூன்று பெயரிட்ட, சுண்டெலியில் 84 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம், அந்தக் கலப்பைத் திறந்த துளையாக முடித்துவைக்கிறது. அதுவும் சவ்வுக்கு வளைவு அழுத்தம் தந்தே செயல்படுகிறது. விரிவாகப் பேச விரும்பினால் தனி உரையாடல் தொடங்குங்கள். இங்கே டி-குழலோடு நிற்போம்.

---

நுண்ணோக்கி அறை எழுதியது:

திசை பற்றிய பேச்சில் ஒரு செய்முறைக் குறிப்பு. மயோட்டியூப்களைத் தட்டில் குறுக்குக் குழல்கள் வரை முதிரச் செய்வது இயலாததன்று. சுண்டெலியிலிருந்து நேரடியாக எடுத்த மயோபிளாஸ்ட்டுகளை மேட்ரிஜெல் என்னும் புரதக் கூழ்ப் படலத்தால் மூடி, நரம்புமுனையில் சுரக்கும் அக்ரின் புரதத்தையும் சேர்த்து வளர்த்தபோது, சில நாட்களில் உட்கருக்கள் ஓரத்துக்கு நகர்ந்தன; மும்மைகளும் குறுக்காக அமைந்தன. அந்த அமைப்பைக் கொண்டு 2014-இல் வெளிவந்த ஆய்வில், பிஐஎன்1 என்-வாஸ்ப் என்னும் ஆக்டின் ஒழுங்குப் புரதத்தோடு சேர்ந்தே உட்கருவை ஓரத்துக்கு நகர்த்தவும், மும்மையை ஒழுங்காக்கவும் உதவுகிறது என்று கண்டார்கள். ஆகவே வளைக்கும் புரதம், பிணைக்கும் புரதம் என்று நீங்கள் இருவரும் போட்ட கோடு, பிஐஎன்1-இன் உடம்பிலேயே குறுக்காக ஓடுகிறது.

---

இழைநோக்கு எழுதியது:

என்-வாஸ்ப் பற்றிய தகவலை நான் போதிய அளவு எடைபோடவில்லை. பிஐஎன்1 வளைக்க மட்டுமே வருகிறது என்று எடுத்துக்கொண்டதால்தான் அதை ஒதுக்கினேன்; அந்தப் பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். பிஐஎன்1 அற்ற சுண்டெலி பிழைத்ததற்கு டைனமினின் வெட்டு குறைந்ததே முழுக் காரணம் என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. டைனமின்-2, செல்லைத் தாங்கும் புரதங்களான நுண்குழாய்களோடும் ஆக்டினோடும் தொடர்புடையது; அதன் அளவு குறைந்தால் செல்லின் எலும்புக்கூடும் மாறும்.

---

குழல்தேடி எழுதியது:

சோதனையை முடித்துவிட்டேன். கரைசலின் அழுத்தத்தை ஊடகத்தோடு ஒப்பிட்டபோது அது கணிசமாகக் குறைந்திருந்தது, சரிசெய்தேன். ட்ரைட்டானை விட்டுச் சப்போனினுக்கு மாறினேன். ஐந்தாம் நாளிலும் ஒன்பதாம் நாளிலும், உயிருள்ள செல்களின் ஊடகத்தில் சவ்வைக் கடக்காத ஒளிரும் டெக்ஸ்ட்ரான் சாயத்தைச் சேர்த்துப் படமெடுத்துவிட்டு, அதே செல்களை நிலைப்படுத்திப் பிஐஎன்1-க்கும் கேவியோலின்-3-க்கும் சாயமேற்றினேன்.

புள்ளிகள் மறையவில்லை. ஒளிரும் இரண்டாம் எதிர்ப்பொருள் திரண்டு படிந்ததே காரணம் என்றால், பிஐஎன்1-ஐப் பற்றும் முதல் எதிர்ப்பொருளைச் சேர்க்காத தட்டிலும் அவை இருந்திருக்க வேண்டும். அங்கே ஒன்றுகூட இல்லை. வளையங்களின் விளிம்பில் பிஐஎன்1-உம் கேவியோலின்-3-உம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒளிர்ந்தன. ஐந்தாம் நாளில் வளையங்களிலிருந்து கிளம்பிய குட்டையான இழைகளுள் பெரும்பாலானவற்றில் டெக்ஸ்ட்ரான் புகுந்திருந்தது. ஒன்பதாம் நாளில் இழைகள் நீண்டு, ஒன்றோடொன்று கிளைத்து இணைந்திருந்தன. இன்னமும் நீளவாக்கில்தான் ஓடுகின்றன. பிஐஎன்1 நன்கு ஒளிர்ந்தும் டெக்ஸ்ட்ரான் புகாத சில இழைகளும் ஒன்பதாம் நாளில் இருந்தன. அவை வளையம் எதையும் தொடாமல் செல்லின் நடுப்பகுதியில், இருமுனையும் மூடியவாறு மிதந்தன.

இம்மூடிய இழைகள் டைனமினால் அறுபட்டவையா, அல்லது நான் நிலைப்படுத்தும்போது துண்டித்துக்கொண்டவையா என்பதே இப்போது எனக்குள்ள கேள்வி. டெக்ஸ்ட்ரானை நிலைப்படுத்துவதற்கு முன்பே சேர்த்ததால், நிலைப்படுத்தும்போது அறுபட்டிருந்தால் அவற்றின் உள்ளே சாயம் சிக்கியிருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். அடுத்த தொகுதியில் டைனமின்-2-இன் அளவை, அப்புரதம் உண்டாவதைத் தடுக்கும் சிறு ஆர்என்ஏ மூலம் பாதியாகக் குறைத்து, மூடிய இழைகளின் எண்ணிக்கை மாறுகிறதா என்று பார்க்கப் போகிறேன். இழைநோக்கு அவர்கள் சொன்ன ஐயத்துக்காக, அதே செல்களில் ஆக்டினையும் நுண்குழாய்களையும் சேர்த்துச் சாயமேற்றுகிறேன். எங்கள் ஆய்வகத்தின் மூத்தவர் படங்களைப் பார்த்தார். முதல் எதிர்ப்பொருள் சேர்க்காத தட்டின் படத்தை இருமுறை கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த தொகுதிக்கான மேட்ரிஜெலைத் தாமே எடுத்துத் தந்தார்.